சின்ன மோட்டார்ஹோம் வாங்குமுன் பார்க்க வேண்டியவை: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மோட்டார்ஹோம் என்றால் உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கும்படி கட்டிய வேன். சின்ன மோட்டார்ஹோம் வாங்க நினைக்கும் சேலம், ஏற்காடு பகுதி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. பலரும் கட்டில், அடுப்பு, டிவி என்று உள்ளே பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, எடையையும் ஆர்.சி. புக்கையும் பிறகுதான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை அந்த இரண்டும்தான்.

அஸ்தம்பட்டி: நாங்கள் நாலு பேர் சார். ஏற்காடும் கொல்லிமலையும் அடிக்கடி போவோம். ஃபோர்ஸ் டெம்போ டிராவலர் வேன் நல்லதா, டாடா விங்கர் வேன் நல்லதா?

டிராவலருக்குப் பின் சக்கரம் இழுக்கும், விங்கருக்கு முன் சக்கரம். மலையில் இந்த வித்தியாசம் பெரிது. மோட்டார்ஹோமில் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அலமாரி எல்லாம் பெரும்பாலும் பின்பாதியில் வருகின்றன. ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சாயும். மழை நாளில் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் ஏறும்போது முன் சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்ற இதுவே காரணம். விங்கருக்குத் தரை தாழ்வு, பயணமும் சொகுசு. அதுதான் பிடிக்கிறது என்றால் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் டிரைவர் சீட்டுக்குப் பக்கமாக முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மலைதான் முக்கியம் என்றால் நான் டிராவலரையே சொல்வேன்.

டிராவலரில் 3050, 3350, 4020 என்று வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) உண்டு, எல்லாம் மி.மீ. கணக்கு. நாலு பேருக்கு 3350 போதும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. 4020 வண்டியை அங்கே திருப்ப எதிர்த் தடம் முழுவதும் தேவைப்படும். பஸ்ஸே போகிறதே என்று கேட்பார்கள். பஸ் ஓட்டுநருக்கு அந்தப் பாதை தினசரி வேலை, நமக்கு மாதத்தில் ஒரு நாள்.

ஓமலூர்: ஒரு டன் வரை ஏற்றலாம் என்று விற்கிறவர் சொல்கிறார் அண்ணா. நம்பலாமா?

அந்தக் கணக்கு பெரும்பாலும் வெறும் வேனுக்கானது. கட்டில், பிளைவுட், தொட்டி, ஏசி எல்லாம் ஏறிய பிறகு மிச்சம் எவ்வளவு என்பதை வே பிரிட்ஜில் (லாரி எடை மேடையில்) மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். சேலம் லாரி ஊர், வே பிரிட்ஜுக்குப் பஞ்சமில்லை.

டீசல் டேங்கையும் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி, சிலிண்டரை வைத்துக்கொண்டு போங்கள். முதலில் முழு வண்டியையும் நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி முன்னால் நகர்த்தி இன்னொரு சீட்டு. கழித்தால் முன் ஆக்சிலின் (முன் சக்கர அச்சின்) எடை வந்துவிடும். மூன்று எண்களையும் வண்டியில் கம்பெனி அடித்திருக்கும் பிளேட்டோடு ஒப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு, அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ, வே பிரிட்ஜில் ஆளில்லாமல் 2,980 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 520. நாலு பேர் 280, துணிமணி 80, பாத்திரம் மளிகை 40, பின்னால் சைக்கிள் ஸ்டாண்டும் இரண்டு சைக்கிளும் 50, நாற்காலி மேசை 20. ஆக 470. கையில் இருப்பது 50 கிலோதான், ஐந்தாவதாக ஒருவர் ஏறவே முடியாது.

மொத்த எடை சரியாக இருந்தும் பின் ஆக்சில் மட்டும் மீறுவது உண்டு. காரணம் நெம்புகோல் கணக்கு. 3350 வீல்பேஸில், பின் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 100 கிலோ தொங்கவிட்டால் பின் ஆக்சிலில் ஏறுவது 145 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 45 குறையும். ஸ்டீயரிங் லேசாக மிதப்பது போலத் தெரிந்தால் அதுதான் காரணம். பம்பருக்குப் பின்னால் பெரிய பெட்டி கட்டிய வண்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அம்மாபேட்டை: சேலத்து வெயிலில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா அண்ணா? பேட்டரியிலேயே ஓடும் என்கிறார்களே.

கணக்கைப் பாருங்கள் அக்கா. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி தொடக்கத்தில் 1,000 வாட் வரை எடுக்கும், அறை குளிர்ந்த பிறகு குறையும். சராசரி 600 வாட், எட்டு மணி நேரம் என்றால் 4.8 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 5 யூனிட்டைத் தாண்டும். 12.8 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட். நாலு பேட்டரி போட்டாலும் விடியும்போது காலி. கூரையில் 400 வாட் சோலார் வைத்தால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும், மேக மூட்டத்தில் அதில் பாதிகூட வராது.

அதனால் மலைக்குக் கீழே சமவெளியில் தங்கும்போது கரண்ட் இணைப்பு உள்ள இடத்தில் நிறுத்தி ஏசி போடுங்கள். வண்டியில் வெளி இணைப்புக்கு 16 ஆம்ப் சாக்கெட், அதிக கரண்ட் போனால் துண்டிக்கும் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் இருக்க வேண்டும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர். உயரத்தால் மட்டுமே எட்டு டிகிரி அளவுக்குக் குறையும். அங்கே கூரை ஃபேனே போதும். 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட், 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்கு அரை யூனிட். ஏசி இல்லாத இரவுக்கு ஒரு லித்தியம் பேட்டரி போதுமானது.

ஒன்று மட்டும் விசாரியுங்கள்: ஓடும்போது பேட்டரி எப்படிச் சார்ஜ் ஆகிறது? பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் கருவி) தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். வெறும் ரிலே (தானே இணைக்கும் சுவிட்ச்) வைத்திருந்தால் பேட்டரி அரைகுறையாகத்தான் நிரம்பும். அந்த வோல்டேஜைச் சரியான அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் இருக்க வேண்டும். 30 ஆம்ப் சார்ஜர் மூன்றரை மணி ஓட்டத்தில் ஒரு பேட்டரியை நிரப்பிவிடும்.

சங்ககிரி: பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி நம் ஊர்ப் பட்டறையிலேயே கட்டிக்கொள்ளலாமா?

பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை, இடிப்பது காகிதம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, திருத்திய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் இதைத்தான்.

மோட்டார்ஹோமுக்கு, காகிதத்தில் சொன்னால் மோட்டார் கேரவனுக்கு, ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரம் உள்ளது. அந்த ஒப்புதல் பெற்றுக் கட்டித் தருகிறவரிடம் வாங்குவதே பாதுகாப்பு. சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள சேஸிஸ் மாடலும் உங்கள் வண்டி மாடலும் ஒன்றா என்று பாருங்கள். ஆர்.சி.யில் வகை என்ன என்பதும் முக்கியம். சொந்த உபயோகத்துக்கான பதிவு வேறு, வாடகைக்கு விடும் வண்டிக்கான பதிவு வேறு. படுக்கை எத்தனை என்று பார்த்து ஆளை ஏற்றாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சீட்டு எண்ணிக்கையும் பெல்ட் உள்ள இருக்கைகளுமே கணக்கு.

நாகலூர்: நாங்கள் இரண்டு பேர்தான். மாருதி ஈகோ வேன் போதுமா?

தாராளமாகப் போதும். வீல்பேஸ் 2350, பின் சக்கரம் இழுக்கும், எஸ்டேட் ரோட்டிலும் திரும்பும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் என்பதால் ஏற்காட்டு உயரத்தில் சக்தி பத்து சதவீதத்துக்கு மேலேயே குறையும். அதற்கேற்பச் சாமானைக் குறையுங்கள். சீட்டைக் கழற்றாமல், எதையும் துளையிடாமல், தூக்கி வைத்து இறக்கும் மடக்குக் கட்டில் பெட்டியாக வைத்துக்கொண்டால் ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை. பலருக்கு முதல் வண்டியாக இதைத்தான் சொல்வேன்.

ஆத்தூர்: கேஸ் அடுப்பு ஆபத்தா சார்?

கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் அறையின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும், அறை வண்டியின் உள்பக்கம் திறக்கக் கூடாது. ஓடும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். சமைக்கும்போது கூரை வென்ட்டும் ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து மூடிய வண்டியில் படுப்பது உயிருக்கு ஆபத்து.

சூரமங்கலம்: டாய்லெட் அவசியமா?

வயதானவர்கள் வந்தால் அவசியம். கேசட் டாய்லெட் (கழிவுத் தொட்டியைத் தனியாகக் கழற்றிக் கொட்டும் வகை) 18, 20 லிட்டர் பிடிக்கும், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பும். செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில் மட்டுமே கொட்டுங்கள். மலையில் ஓடைப் பக்கம் கொட்டினால் அது கீழே குடிக்கிறவர்களுக்குத்தான் போகும்.

மேட்டூர்: பயன்படுத்திய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பணம் கொடுக்குமுன் என்ன சோதிப்பது?

முந்தின நாள் கூரை மேல் அரை மணி நேரம் ஹோஸ் அடித்துவிட்டு, மறுநாள் உள்ளே பாருங்கள். கூரை ஃபேன், சோலார் ஒயர் நுழையும் இடம், ஜன்னல் ஓரம் மூன்றையும் விரலால் அழுத்துங்கள். பிளைவுட் மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஊறியிருக்கிறது. ஏற்காட்டுப் பனியில் உள்சுவரில் வேர்க்கும் தண்ணீரும் இப்படித்தான் தகட்டுக்குப் பின்னால் தங்கித் துருவாகும். இன்சுலேஷன் தண்ணீர் குடிக்காத நைட்ரைல் ரப்பரா, குடிக்கும் கண்ணாடிக் கம்பளியா என்று கேளுங்கள்.

பிறகு விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பி, ஆளோடு ஏற்காடு ஏறி இறங்குங்கள். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். வளைவில் பின் பம்பரோ கழிவுநீர்க் குழாயோ தரையில் உரசினால் விலையைக் குறைத்துப் பயனில்லை, விட்டுவிடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜின் பிடிப்பிலேயே வாருங்கள். அடிவாரத்தில் நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெதுவாக உள்ளே போனாலோ பஞ்சு போல இருந்தாலோ பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்து கொதித்திருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரும் போயிருக்கலாம். புது டாட் 4 ஆயில் 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்தது 155 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆயில், பேட், லைனர் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், மாற்றிய பிறகு மறுபடி ஒரு முறை மலை இறங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.