பல்ஸ் தவறுகிறதா? டிரைவரின் ஸ்பின்லாக்கைப் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் மாட்டும் டேட்டா லாகருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறேன். ஜெனரேட்டர் தண்டில் உள்ள என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) சுற்றுக்கு 1024 பல்ஸ் தரும். பல்ஸுக்கு ஓர் இன்டரப்ட், அதாவது ப்ராசஸரை இடைமறித்துக் கூப்பிடும் சைகை. நான்கு கோர் ஏஆர்எம் போர்டு. மேசையில் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் கணக்கு சரி. காற்று பிடித்ததும் பல்ஸ் குறைகிறது. டிரைவர் முழுக்க ஒரே ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை கோர் தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு). அதை எடுத்துவிடலாமா? ரீட் ஃபங்ஷனை இணைத்திருக்கிறேன். – வாசகர், தக்கலை

பதில்: எடுத்துவிடாதீர்கள். பல்ஸ் தவறுவது நிற்கலாம். ஆனால் பாதி எழுதிய பதிவைப் படித்து, தப்பான வேகத்தைச் சரியான வேகம்போலக் காட்டும். குறைந்த கணக்கையாவது கண்டுபிடித்தீர்கள், இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தண்டு நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25 சுற்று, அதாவது 25,600 பல்ஸ். இரண்டு பல்ஸுக்கு நடுவே சுமார் 39 மைக்ரோ செகண்ட்தான். உங்கள் ரீட் ஃபங்ஷன் என்ன செய்கிறது? இன்டரப்டை நிறுத்தி லாக்கை எடுக்கிறது, சேர்த்து வைத்த 512 பதிவுகளையும் ஒவ்வொன்றாக எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷன் போட்டு எழுத்தாக மாற்றுகிறது, அப்புறம்தான் லாக்கை விடுகிறது. இதற்கு நூற்றுக்கணக்கான மைக்ரோ செகண்ட் ஆகலாம். அதுவரை இன்னொரு கோரில் இன்டரப்ட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) அதே லாக்குக்காகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் வரும் பல்ஸ்களில் ஒன்றுதான் நிலுவையில் இருக்கும், மற்றவை போனது போனதுதான். ரயில் போக அரை நிமிடம். கேட்டைக் கால் மணி நேரம் மூடி வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, எழுத்தாக மாற்றுவதை லாக்குக்கு வெளியே கொண்டுபோவது. லாக்குக்குள் பதிவுகளைத் தனி பஃபருக்கு நகலெடுப்பது மட்டும் நடக்கட்டும். பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் காப்பி-டு-யூசரை ஸ்பின்லாக்குக்குள் கூப்பிடவே கூடாது. பேஜ் ஃபால்ட் வந்தால், அதாவது தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால், அது தூங்கப் போகலாம்.

இதோடு நிற்காமல், ஹேண்ட்லர் லாக்கே எடுக்காதபடி செய்ய முடியும். கெர்னலில் உள்ள கேஃபிஃபோ (முதலில் போட்டது முதலில் வெளியே வரும் வரிசை) இதற்கென்றே செய்தது போலிருக்கும். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் அதற்கு லாக் தேவையில்லை: உள்ளே போகும் குறியீட்டை எழுதுபவர் மட்டும் நகர்த்துகிறார், வெளியே வரும் குறியீட்டைப் படிப்பவர் மட்டும். ஒரே இன்டரப்டின் ஹேண்ட்லர் இரண்டு கோர்களில் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் எழுதுபவர் ஒருவர்தான். இரண்டு என்கோடர் என்றால் ஆளுக்கொரு கேஃபிஃபோ வையுங்கள். பல ப்ராசஸ்கள் ஒரே டிவைஸைப் படிக்கும் என்றால் படிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு மியூடெக்ஸ் (காத்திருப்பவரைத் தூங்க வைக்கும் லாக்) போதும்; அதை ஹேண்ட்லர் தொடவே தொடாது.

அளவீட்டுத் திருத்த எண்களை எப்போதோ ஒருமுறைதான் மாற்றுவீர்கள், ஹேண்ட்லரோ எப்போதும் படிக்கும். அதற்கு சீக்லாக் நல்லது: படிப்பவர் லாக் எடுக்காமல் படிப்பார், நடுவில் எழுத்து நடந்திருந்தால் மறுபடி படிப்பார். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் கோரிலேயே இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் எழுதி முடியட்டும் என்று திரும்பத் திரும்பப் படிக்கும். எழுதுபவரோ ஹேண்ட்லர் முடியக் காத்திருப்பார். போர்டு உறைந்துவிடும். எனவே எழுதும் பக்கத்தில் இன்டரப்டை நிறுத்தும் வகையையே பயன்படுத்துங்கள்.

புள்ளிவிவர எண்ணிகளுக்கு அட்டாமிக் (இடையில் துண்டாகாமல் ஒரே வீச்சில் மாறும் மாறி) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் இலவசமில்லை, அதே கேஷ் லைன் (கேஷ் நினைவகத்தின் ஒரு துண்டு) கோருக்குக் கோர் பந்தாடப்படும். பெர்-சிபியு எண்ணி, அதாவது கோருக்கொரு தனி எண்ணி வைத்து, யாராவது கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

ஒரே லாக் வைத்ததற்கு வெட்கப்பட வேண்டாம். லினக்ஸ் கெர்னலே 1996-இல் வந்த 2.0 பதிப்பில் ஒரு பெரிய லாக்கோடுதான் பல ப்ராசஸர்களுக்கு மாறியது. அதை முழுவதும் கழற்றி எறிய 2011 வரை ஆனது.

எதையும் மாற்றுமுன் லாக்ஸ்டாட் வசதியோடு கெர்னலைக் கட்டி, எந்த லாக்கில் எவ்வளவு காத்திருப்பு என்று பாருங்கள். லாக்குகளைத் தவறாகப் பயன்படுத்தினால் எச்சரிக்கும் லாக்டெப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேகத்தைத் தின்னும், ஆகவே சோதனைப் போர்டோடு நிற்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சிப்பில் பல்ஸை எண்ணும் டைமர் இருந்தால், பல்ஸுக்கு ஓர் இன்டரப்ட் என்பதே வீண். அந்த டைமர் எண்ணட்டும், நீங்கள் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை போய்ப் படியுங்கள். டேட்டாஷீட்டை முதலில் திறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்றுகூடத் தோன்றுகிறது.

சோதிக்க ஆடிக் காற்று வரைக்கும் காத்திருக்காதீர்கள். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 30 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்து, வேறொரு ப்ராசஸை விடாமல் படிக்க வைத்து, ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சுமார் 10 கோடியே 80 லட்சம் பல்ஸ் வர வேண்டும். ஜெனரேட்டரின் கடிகாரம் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால் அதே கம்பியில் ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டரையும் மாட்டி, இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.