உலகளாவிய பார்வையையும் அறநெறியையும் முன்னிறுத்தும் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை படிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

பயன் உண்டு. ஆனால் கணக்கியல், நிதி, செயல்பாட்டு மேலாண்மை போன்ற அடிப்படைப் பாடங்களுக்குள்ளேயே அறம் பற்றிய கேள்விகள் எழுப்பப்படும் இடத்தில்தான் அந்தப் பயன் கிடைக்கும். சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் விழுமியங்களை மட்டும் நம்பிச் சேர்வதில் பொருளில்லை. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2000-ஆம் ஆண்டில் தன் ஊழியர்களுக்கு 64 பக்க நெறிமுறைக் கையேடு ஒன்றை வழங்கியிருந்தது. மறைத்து வைத்த கடன்களும் ஊதிப் பெருக்கிய லாபமும் அம்பலமாகி, 2001 டிசம்பரில் அது திவாலானது. அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. படித்தவர்.

எம்.பி.ஏ. படித்த காலத்தில் இதை எனக்கு ஆழமாக உணர்த்தியது செயல்பாட்டு மேலாண்மை வகுப்புதான். வங்கதேசத்தின் டாக்கா அருகே சவாரில் இருந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் உயிரிழந்ததை, விநியோகச் சங்கிலி குறித்த பாடமாகவே பேராசிரியர் நடத்தினார். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டதால் அங்கிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல்தளங்களில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அங்கிருந்த சில தொழிற்சாலைகளில் அதற்கு முன்பே தொழிலாளர் நிலைமையை ஆராயும் சமூகத் தணிக்கை நடந்திருந்தது என்பதுதான் என்னை மிகவும் பாதித்தது, ஏனெனில் அந்தத் தணிக்கைகள் கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கவே இல்லை. எங்களைக் கொள்முதல் அதிகாரிகளாக வைத்து, ஒரு சட்டைக்கு என்ன விலை தருவோம், எத்தனை வாரங்களில் சரக்கு வேண்டும், தாமதமானால் எவ்வளவு அபராதம் பிடிப்போம் என்று பேராசிரியர் எழுதச் சொன்னார். அதன் பிறகு அந்த எண்களுக்குள் ஒரு தொழிற்சாலை நடத்திக் காட்டும்படி கேட்டபோது எங்களில் எவராலும் இயலவில்லை. அதே ஆண்டு வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்காகக் கையெழுத்தான உடன்படிக்கை, ஆடை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வகையில் ஏன் எழுதப்பட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

உலகளாவிய கல்வி என்று நான் கருதுவதும் இத்தகையதே. ஒரு பருவம் வெளிநாட்டில் தங்கிப் படிப்பது நல்லதுதான். ஆயினும் பொருளை வாங்கும் நாட்டிலிருந்தும் அதை உற்பத்தி செய்யும் நாட்டிலிருந்தும் வந்த மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே ஒப்பந்தத்தைப் பற்றி விவாதிப்பதற்கு அது ஈடாகாது.

அங்கீகாரங்களைப் பொறுத்தவரை, வணிகப் பள்ளிகளுக்குச் சர்வதேச அளவில் வழங்கப்படும் ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ் ஆகியவை கல்வித் தரத்துக்கு ஓரளவு உத்தரவாதம் தருகின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் 2007-இல் தொடங்கிய பி.ஆர்.எம்.இ. (பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான கோட்பாடுகள்) அமைப்பில் சேர்ந்த கல்லூரிகள், பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்காகத் தாங்கள் செய்தவற்றை அவ்வப்போது அறிக்கையாக வெளியிட வேண்டும். நீங்கள் நாடும் கல்லூரியின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள்: பாடத்திட்டத்தில் எதை மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறார்களா, விழாக்களின் புகைப்படங்களோடு நிறுத்திக்கொண்டார்களா என்பது சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். அதோடு நிதி மேலாண்மைத் தாளின் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். வரி ஏய்ப்புக்கும் சட்டத்துக்கு உட்பட்ட வரித் தவிர்ப்புக்கும் இடையிலுள்ள சிக்கலான பகுதியை அங்கே பேசுகிறார்கள் என்றால், கட்டணம் உங்கள் சக்திக்கு உட்பட்டிருக்கும் பட்சத்தில், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.