மொய்க் கவரில் பிட்காயின் வைக்கலாமா?

முகூர்த்த மாதம் வந்தால் வருமான வரிக் கேள்விகளுக்கு நடுவே அன்பளிப்புக் கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் கிரிப்டோவை, அதாவது பிட்காயின் போன்ற மின்னணு நாணயங்களைப் பற்றியவை. கையைக் கடிக்காத செலவில் உறவினருக்கும் நண்பருக்கும் அதை எப்படி அறிமுகப்படுத்துவது என்று கேட்கிறார்கள்.

அக்கா மகனுக்குத் திருமணம். தாய்மாமன் சீரை வழக்கப்படி செய்கிறேன். மொய் மட்டும் 5,001 ரூபாய்க்குப் பிட்காயினாக எழுதலாமா? (மேலூர்)

வரிச் சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. அதன் கணக்கிலும் தாய்மாமன் உறவினர்தான். திருமண அன்பளிப்புக்குத் தனியாகவே விலக்கு உண்டு. வாங்கும்போது மாப்பிள்ளைக்கு வரி கிடையாது. விற்கும்போதுதான் இருக்கிறது: 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை.

என் தயக்கமெல்லாம் மொய் நோட்டைப் பற்றியது. நம் பக்கத்தில் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவன் வரும்போது அந்த நாணயம் 3,000 ரூபாய்க்கு இறங்கியிருந்தால் எதைத் திருப்பிச் செய்வான்? பத்தாயிரமாக ஏறியிருந்தால்? அத்தான் வாய்விட்டுக் கேட்கமாட்டார், மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருப்பார். மொய்யை ரூபாயிலேயே எழுதுங்கள். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற கிரிப்டோ வர்த்தகத் தளமா என்று பார்த்து, அவனுடைய பான் எண்ணில் அவனே கணக்குத் திறக்கட்டும். 500 ரூபாய் உங்கள் அன்பளிப்பு. முழுவதும் கரைந்தாலும் சிரித்துக்கொள்ளக்கூடிய தொகை.

அப்பா ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். பிளாக்செயின் என்றால் என்ன என்று தினமும் கேட்கிறார். 300 ரூபாய்க்குள் ஏதாவது? (திருமங்கலம்)

நான்கு கணக்கு நோட்டு, நான்கு பேனா, உங்களுடைய ஒரு மாலைப்பொழுது. கடைசியாகச் சொன்னதுதான் விலை கூடியது.

மொய் எழுதுகிற மேசையை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே நோட்டு ஒன்றுதான். எழுதுகிறவர் ஒரு சைபரைச் சேர்த்தாலும் அழித்தாலும் தகராறு. இப்போது வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு நோட்டோடு உட்காருங்கள். ஒருவர் மொய்யை மைக்கில் வாசிப்பதுபோல் வாசிக்க, நால்வரும் எழுத வேண்டும். பக்கம் நிறைந்ததும் அதன் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொண்டு தொடருங்கள். பிறகு அப்பாவிடம், மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு தொகையை மற்றவர் அறியாமல் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த பக்கங்களின் தலைப்புத் தொகை எல்லாம் உதைக்கும், மற்ற மூன்று நோட்டும் காட்டிக்கொடுக்கும். பக்கம்தான் பிளாக், தலைப்புத் தொகைதான் சங்கிலி. பிட்காயின் கணக்கு எழுதப்படுவது இப்படிப்பட்ட நோட்டில்தான். பேரேடு பார்த்த கைக்கு இது அரை மணி நேர வேலை.

ஆங்கிலம் வாசிப்பார் என்றால், சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் கட்டுரையை அச்செடுத்துக் கொடுங்கள். மொத்தம் ஒன்பது பக்கம்தான்.

'பி' எழுத்துப் போட்ட தங்கநிறக் காசு இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பிட்காயின் இருக்குமா? (வாடிப்பட்டி)

இருக்காது. கொலுவில் வைக்கலாம்.

நண்பன் மூன்று வருடமாகப் பிட்காயின் வைத்திருக்கிறான். அவனுக்குத் தெரியாத எதைக் கொடுப்பது? ஆயிரம் ரூபாய்க்குள். (திருப்பரங்குன்றம்)

பிட்காயினை மீட்டெடுக்கும் சாவியாக 12 ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அவன் அவற்றை எங்கே எழுதி வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். சொற்களைக் கேட்காதீர்கள், இடத்தை மட்டும். பெரும்பாலும் டைரியின் கடைசிப் பக்கம் என்பான். கரையானுக்கும் மழைக்கசிவுக்கும் அது ஒரு வாய். சொற்கள் போனால் பணம் போயிற்று. முறையிட மேலாளரும் இல்லை, கிளையும் இல்லை.

எனவே அந்தச் சொற்களைப் பொறித்து வைக்க எவர்சில்வர் தகடு. லேத் பட்டறையில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். கூடவே இரும்புக்கடையில் ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட் ஒன்று. அந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை; முதல் நான்கு எழுத்து எந்த இரண்டு சொல்லுக்கும் ஒன்றாக வராது. ஆகவே அதிகபட்சம் 48 எழுத்தை அடித்தால் போதும். பட்டியல் தமிழில் இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான். எவர்சில்வர் உருக சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். சாதாரணமாக வீடு பற்றினால் அவ்வளவு ஏறாது.

தகட்டைக் கனமான இரும்புக் கட்டையில் கிடத்தி, பஞ்சை நேராக நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்துக்கு நிழல் விழும். என் முதல் தகட்டில் 'எம்' எழுத்தைத் தலைகீழாக அடித்து 'டபிள்யூ' ஆக்கிவிட்டேன். அதனால் ஒத்திகைக்கு ஒரு துண்டு கூடுதலாக வையுங்கள்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் கொடுத்தால் அழகாக வருமே என்று தோன்றும். வேண்டாம். "அன்பளிப்பு" என்ற சொல்லை மட்டும் பின்பக்கத்தில் அவர் வெட்டட்டும். முன்பக்கத்தை நண்பன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே அடிக்க வேண்டும். நீங்களும் பார்க்கக் கூடாது.

வன்பொருள் வாலட் (கிரிப்டோவின் சாவியைப் பூட்டி வைக்கும் சிறு கருவி) ஒன்று பாதி விலைக்குப் பழையதாகக் கிடைக்கிறது. சொற்கள் எழுதிய அட்டையும் சேர்த்தே தருகிறார்களாம். (உசிலம்பட்டி)

பூட்டை விற்றவர் மாற்றுச் சாவியைத் தன் பையில் வைத்திருக்கிறார். வாங்காதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும் பழையது வேண்டாம்.

தங்கை மகளுக்கு வயது 13. கணினியில் ஆர்வம். பிறந்த நாளுக்குக் கிரிப்டோ? (சோழவந்தான்)

18 வயது ஆகாமல் கணக்குத் திறக்க முடியாது. உங்கள் பெயரில் வாங்கி அவளுடையது என்று சொல்வதில் சுவையும் இல்லை. செலவே இல்லாத விளையாட்டு ஒன்று சொல்கிறேன். எதைத் தட்டினாலும் அதற்கென ஒரு கைரேகைபோல விடை தரும் கணக்கு முறை ஷா-256. இணையத்தில் அதைக் கணக்கிடும் பக்கங்கள் இலவசமாக உண்டு. "மதுரை" என்று தட்டினால் 64 குறிகள் (0 முதல் 9, a முதல் f வரை பதினாறு வகை) கொண்ட ஒரு விடை வரும். "மதுரை1" என்றால் முற்றிலும் வேறு. இனி எண்ணை மாற்றி மாற்றி, பூச்சியத்தில் தொடங்கும் விடையைத் தேடச் சொல்லுங்கள். சராசரியாகப் பதினாறு முயற்சிக்கு ஒன்று அகப்படும். இரண்டு பூச்சியம் என்றால் 256. பிட்காயின் நோட்டில் புதுப் பக்கம் சேர்க்க, மைனிங் என்று இயந்திரங்கள் இராப்பகலாகச் செய்வது இந்தத் தேடலைத்தான்.

இரண்டு பூச்சியத்துக்கு ஒரு ஜிகர்தண்டா என்று பந்தயம் கட்டலாம். மூன்றுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 4,096 முயற்சி, முழுப் பரீட்சை விடுமுறை அதிலேயே போய்விடும்.