மீன் எண்ணெய் கிடக்கட்டும், அந்தச் சூரணம் என்ன?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 62 வயது. மன்னார்குடி பக்கம், சின்ன வயதிலிருந்தே நடவு, களை என்று வயல் வேலைதான். இரண்டு முட்டியிலும் வலி, தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பினான், தினம் ஒன்று போடுகிறார். கூடவே தெரிந்தவர் சொல்லி ஒரு மூலிகைச் சூரணமும் இரண்டு மாதமாக நடக்கிறது. அதைச் சாப்பிட்ட நாலே நாளில் வலி பறந்துவிட்டது, முகம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் மீன் எண்ணெயைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்குக் கவலை அந்தச் சூரணத்தின் மேல்தான். எந்த மூலிகையும் பல வருஷத்துத் தேய்மான வலியை நாலு நாளில் இப்படித் துடைத்துப் போடாது. அப்படிப் போனால் பொடியில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ இடித்துக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். முகம் பூசினாற்போல் இருப்பதை உடம்பு தேறியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டில் முகம் வட்டமாக உப்பும், பிடரியில் சதை திரளும், வயிறு பெருக்கும், கை கால் மட்டும் மெலியும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இதையெல்லாம் ஒருமுறை பாருங்கள். சர்க்கரையும் இந்த இரண்டு மாதத்தில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்ததும் பயந்துபோய்ப் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், திடீரென்று விட்டால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகலாம். அதனால் நாளைக்கே பொட்டலத்தோடும், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையோடும் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்; திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), காலை நேரக் கார்டிசால் (உடம்பு தானே சுரக்கிற ஸ்டீராய்டு), இவ்வளவும் பார்த்துவிட்டு எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். நடுவில் மயக்கமோ, விடாத வாந்தியோ, கறுப்பு மலமோ வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே படித்த மருத்துவர் கொடுக்கிற மருந்து வேறு. உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி எதுவும் இல்லாமல் நியூஸ் பேப்பரில் மடித்துத் தருகிற பொடி வேறு.

சரி, மீன் எண்ணெய்க்கு வருவோம். சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் வேலை செய்கிற ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான், மீதி வெறும் எண்ணெய். முடக்குவாதத்துக்கு (காலையில் விரல்கள் ஒரு மணி நேரமாவது மடங்காது, இரண்டு கையும் வீங்கும், அது வேறு நோய்) தினம் 3 கிராம் அளவு ஒமேகா-3 மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் வலி ஓரளவு குறைந்தது. அதற்கு இந்த மாத்திரையில் பத்து விழுங்க வேண்டும், அவ்வளவு அளவில் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பும் கூடுகிறது. அம்மாவுக்கு இருப்பதோ தேய்மானம். அதற்குத் தினம் 1 கிராம் ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலேயே முட்டி வலியில் வித்தியாசம் தெரியவில்லை. தினம் ஒன்று போடுவதால் கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து வருகிற மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் அதே சத்து ருசியோடு கிடைக்கும்.

மஞ்சள் கிழங்குச் சத்தில் செய்கிற மாத்திரை, சாம்பிராணி வகைப் பிசினில் செய்கிற போஸ்வெல்லியா மாத்திரை, இந்த இரண்டுக்கும் சின்னச் சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் வலி குறைவது தெரிகிறது. ஆனால் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது, பெரிய ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம், மருந்தென்று எண்ண வேண்டாம்.

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்த முட்டிக்கு உண்மையில் உதவுவது தொடைச் சதைக்குப் பலம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகுகிற மாதிரி பத்து எண்ணும் வரை வைத்து இறக்க வேண்டும், காலுக்குப் பத்துப் பத்து, காலையும் மாலையும். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் தெரியும், அதற்குள் அம்மா அலுத்துக்கொள்வார், நீங்கள்தான் பிடிவாதமாக நிற்க வேண்டும். எடை அதிகமிருந்தால் ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும். வலி தாங்காத நாளில் டைக்ளோபினாக் ஜெல் தடவலாம், அதே மருந்தை மாத்திரையாகக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அப்புறம், அண்ணன் அடுத்து என்ன அனுப்பட்டும் என்று கேட்டால் மாத்திரை வேண்டாம், வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் போடப் பணம் அனுப்பச் சொல்லுங்கள்.