குளிர்காலம் முடியும் வேளையில் பனி விழுமா? கேள்வி பதில்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை பனிக்காகக் காத்திருப்பவர்களின் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சொல்லும் எண்கள் எல்லாம் வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைத் தாழ்நிலங்களுக்கானவை. மேட்டில் இருப்பவர்கள் 100 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.65 டிகிரி செல்சியஸ் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பத்து நாள் கழித்து 20 செ.மீ. பனி என்று செயலி காட்டுகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். அந்தப் படம் பெரும்பாலும் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க வானிலைக் கணிப்பு மாடலின் ஒரே ஒரு ரன், அதாவது ஒரு முறை ஓட்டிய கணிப்பு. அது தினமும் நான்கு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் 16 நாள் வரை கணிக்கிறது. ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ரன்னில் அதே தாழ்வழுத்தம் 300 கி.மீ. வடக்கே போயிருக்கும், உங்கள் 20 செ.மீ. பனி மழையாகியிருக்கும். பத்து நாள் தூரத்தில் அந்த அளவு பிழை சர்வ சாதாரணம்.

தனி ரன்னை விட்டுவிட்டு என்சாம்பிளை, அதாவது தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டிய பல கணிப்புகளின் தொகுப்பைப் பாருங்கள். ஐரோப்பிய வானிலை மையத்தின் என்சாம்பிளில் 51 உறுப்புகள், ஜிஎஃப்எஸ்ஸில் 31. 850 ஹெக்டாபாஸ்கல் என்ற காற்றழுத்த மட்டத்தில் (சுமார் ஒன்றரை கி.மீ. உயரம்) அவை காட்டும் வெப்பநிலைக் கோடுகளை ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டும் தளங்கள் நிறைய உண்டு. அதில் தடித்த சராசரிக் கோட்டை நம்பி ஏமாறாதீர்கள். பாதி உறுப்புகள் -10, மீதிப் பாதி +2 என்றால் சராசரி -4 என்று வரும். அந்த -4ஐ எந்த உறுப்புமே சொல்லவில்லை. பனிக்கு வேண்டிய குளிரான -7க்குக் கீழே எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நான்கு ரன்களில் கூடிக்கொண்டே வந்தால்தான் பொருட்படுத்த வேண்டும்.

என் கணக்கு இது: பத்து நாள் முன்னால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது மட்டும்; ஐந்து நாள் முன்னால் குளிர்காற்று வருகிறதா இல்லையா; இரண்டு நாள் முன்னால் மழையா பனியா; எத்தனை செ.மீ. என்பது கடைசி 24 மணி நேரத்தில்தான்.

கேள்வி: 850 ஹெக்டாபாஸ்கலில் -7 இருந்தது. ஆனாலும் குளிர்ந்த மழைதான் கொட்டியது. எங்கே தப்பு?

850 என்பது தரையிலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே. அங்கே பனி உருவாகிவிட்டது, வழியில் உருகிவிட்டது. குளிர்காலக் கடைசியில் ஏமாற்றம் அநேகமாக எப்போதும் இந்தக் கீழ் 1,500 மீட்டரில்தான் நடக்கிறது. கடலிலிருந்து வரும் காற்றானால் அடிப்பகுதி கதகதப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அப்போது மேலே -7 போதாது.

கீழே பார்க்க வேண்டியது வெறும் வெப்பநிலை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலை. விழும் பனி உலர்ந்த காற்றில் நுழையும்போது ஒரு பகுதி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். அந்தக் குளிர்ச்சி எந்த எல்லையில் நிற்குமோ அதுதான் ஈரக்குமிழ் அளவு. எடுத்துக்காட்டாக, வெப்பநிலை 3 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் -0.3, பனி விழும், தங்கவும் கூடும். அதே 3 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் சுமார் 2.7, மழைதான். இரண்டு இடத்திலும் வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

ஈரக்குமிழ் அளவு 0 அல்லது அதற்குக் கீழே என்றால் பனி. 0.5 முதல் 1 வரை ஈரமான, பெரிய பனிச்செதில்கள். 1.5ஐத் தாண்டினால் ஆசையை விட்டுவிடலாம். உயரக் கணக்கில் சொன்னால், ஈரக்குமிழ் பூச்சியமாகும் மட்டத்திலிருந்து 200, 300 மீட்டர் கீழே வரைதான் செதில் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: ஈரக்குமிழ் அளவை எந்தச் செயலியும் காட்டுவதில்லையே?

வெப்பநிலையும் பனிநிலையும் தெரிந்தால் போதும். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; செயலிகள் அதை டியூ பாயிண்ட் என்று காட்டும். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலைகளில், இரண்டுக்கும் நடுவே, வெப்பநிலைப் பக்கம் சற்றே சாய்ந்து ஈரக்குமிழ் அளவு இருக்கும். வெப்பநிலை 2, பனிநிலை -3 என்றால் ஏறக்குறைய 0. பனிநிலை பூச்சியத்துக்கு மேலே போய்விட்டால் ஈரக்குமிழும் மேலேதான், கணக்கே தேவையில்லை.

கேள்வி: மழையாகத் தொடங்கி, கனமாகப் பெய்யப் பெய்யப் பனியாக மாறும் என்கிறார்கள். உண்மையா, ஆறுதலா?

உண்மை, சில நிபந்தனைகளோடு. பனி உருக வெப்பம் வேண்டும். ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 1 மி.மீ. நீருக்குச் சமமான பனி உருகினால் 300 மீட்டர் தடிமனுள்ள காற்று சுமார் 0.9 டிகிரி குளிரும். ஆக மணிக்கு 3 மி.மீ. வீதம் பெய்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டரை டிகிரி வரை கழிக்க வழி இருக்கிறது. மணிக்கு 0.3 மி.மீ. தூறலால் கால் டிகிரிதான் குறையும். தூறும்போது மழை, கொட்டும்போது பனி என்று மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம்.

இதைக் கெடுப்பது காற்று. கடல் பக்கமிருந்து வலுவாக வீசினால், குளிர்ந்த காற்றைத் தள்ளிவிட்டுப் புதிய வெதுவெதுப்பான காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று மெல்ல வீச வேண்டும், மழை கனக்க வேண்டும், தொடக்க வெப்பநிலை 3க்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாடல் காட்டும் மாற்றத்தைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வானிலைப் படங்களில் பனிக்கு எல்லையாகச் சொல்லும் 528 கோடு, 540 கோடு இரண்டில் எது சரி?

இரண்டும் சரி, வெவ்வேறு இடங்களுக்கு. 1000 முதல் 500 ஹெக்டாபாஸ்கல் வரை உள்ள காற்றின் தடிமன்தான் அந்த எண், டெகாமீட்டரில் (பத்து மீட்டர் அலகில்). தடிமன் குறைந்தால் காற்று குளிர்ந்தது. கடற்காற்று ஆளும் மேற்கு ஐரோப்பாவில் அடிப்பகுதி மிதமாக இருப்பதால் மேலே கூடுதல் குளிர் வேண்டும், அதனால் 528. வட அமெரிக்காவின் கிழக்கில் தரையை ஒட்டி உலர்ந்த கண்டக்குளிர் தங்கிவிடும்; அங்கே 540இலேயே பனி வரும். ஐந்தரை கி.மீ. உயரத்துக்கான சராசரியை வைத்துக்கொண்டு கடைசி ஒரு டிகிரியைத் தீர்மானிக்க முடியாது. மேலோட்டப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியே "உணரும் வெப்பநிலை" -6 என்று வருகிறது. பனி விழுமா?

அது தோலில் காற்று படும்போது உடல் இழக்கும் வெப்பத்தின் கணக்கு. செதிலுக்குத் தோல் இல்லை.

கேள்வி: ஸ்ட்ராட்டோஸ்பியர் (வளிமண்டலத்தின் மேலடுக்கு) திடீரென்று சூடானால் இரண்டு வாரத்தில் பனி நிச்சயம் என்று பரப்புகிறார்களே?

நிச்சயம் இல்லை. நிகழ்வு இதுதான்: சுமார் 30 கி.மீ. உயரத்தில், 10 ஹெக்டாபாஸ்கல் மட்டத்தில், 60 டிகிரி வட அட்சரேகையைச் சுற்றி மேற்கிலிருந்து வீசும் காற்று தளர்ந்து கிழக்கிலிருந்து வீசும் காற்றாகத் திரும்பும். துருவத்துக்கு மேலே சில நாட்களில் 50 டிகிரி வரை சூடேறும். சராசரியாகப் பத்தாண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அதன் விளைவு கீழே இறங்கினால் உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்று தெற்கே தள்ளப்பட்டு, கிழக்கு, வடகிழக்குக் குளிர்காற்றுக்கு வழி திறக்கும்.

"இறங்கினால்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2018 பிப்ரவரி 12 அன்று காற்று திரும்பியது. பிப்ரவரி கடைசி வாரத்தில் சைபீரியக் காற்று பிரிட்டன் வரை வந்து மார்ச் முதல் நாட்களிலும் பனி கொட்டியது. 2019 ஜனவரி தொடக்கத்திலும் காற்று திரும்பியது. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவானது. பிரிட்டனின் குளிர்கால வெப்பச் சாதனை அது.

எனவே 10 ஹெக்டாபாஸ்கல் படத்தோடு நிற்காமல், அதற்குக் கீழே உள்ள 100 ஹெக்டாபாஸ்கலையும் பாருங்கள். காற்றின் பலவீனம் அங்கே வரை வந்து சில நாட்கள் நீடித்தால் தரைக்கு வரும் வாய்ப்பு கூடும். வந்தாலும் குளிர் எந்த நாட்டின் மேல் விழும் என்று அது சொல்லாது. இன்னொன்று: துருவச் சுழல், அதாவது துருவத்தைச் சுற்றும் அந்த மேல்மட்டக் காற்று, ஒவ்வொரு வசந்தத்திலும் தானாகவே கலைந்துபோகும். மார்ச் கடைசியில் "சுழல் உடைந்தது" என்று யாராவது கூவினால், அது அந்த வருடாந்தரக் கலைதலாகவே இருக்கலாம்.

கேள்வி: மார்ச்சில் விழுந்த பனி ஏன் தரையில் நிற்பதில்லை?

வெயில். 50 டிகிரி அட்சரேகையில் நண்பகல் சூரியன் டிசம்பர் 21இல் 17 டிகிரி உயரம்தான் ஏறும். பிப்ரவரி 20இல் 29. மார்ச் 20இல் 40. மேகத்தின் ஊடாக வரும் ஒளியே தார்ச்சாலையை உருகுநிலைக்கு மேல் வைத்திருக்கப் போதும். பகலில் காற்று +1 என்றால், மணிக்கு 1 செ.மீ.க்குக் குறைவான பனி புல்லில் நிற்கும், சாலையில் நிற்காது. இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை வரை விழுந்தால் அதே பனி எல்லா இடத்திலும் படியும். மாடல் படத்தில் அளவைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஆனால் குளிர்காலக் கடைசிக்குச் சாதகங்களும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கடல் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். டிசம்பரில் கரையோரத்தில் மழையாகக் கெட்டுப்போகும் காற்று இப்போது பனியாகத் தாங்கும். ஆர்க்டிக்கில் குளிர் இன்னும் நிறைந்தே இருக்கும். பகல் வெயில் தரையைச் சூடாக்க, நிலத்தின் மேலேயே மேகம் குமுறி உள்நாட்டிலும் பனித்தூவல் வரும். பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். பெரும் புயல்களுக்கும் குறைவில்லை: 1993 மார்ச் 12 முதல் 14 வரை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைப் புரட்டிய புயல் அலபாமா வரை கனத்த பனியைக் கொண்டுபோனது.

கேள்வி: கடலிலிருந்து, பெரிய ஏரியிலிருந்து வரும் பனித்தூவலை எப்படிக் கணிப்பது?

நீரின் மேற்பரப்பு வெப்பநிலையிலிருந்து 850 வெப்பநிலையைக் கழியுங்கள். 13 டிகிரியோ அதற்கு மேலோ வந்தால் குமுறல் கிளம்பும். நீர் 5 டிகிரி என்றால் மேலே -8 வேண்டும். காற்று நீரின் மேல் குறைந்தது 100 கி.மீ. ஓடி வர வேண்டும். தரைக்கும் 700 ஹெக்டாபாஸ்கலுக்கும் இடையே காற்றின் திசை 30 டிகிரிக்கு மேல் திரும்பினால் பனிமேகப் பட்டைகள் கிழிந்து சிதறும். ஏரி உறைந்துவிட்டால் கதை முடிந்தது.

கேள்வி: ரேடாரில் மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்கிறது. வெளியே லேசான மழை. ரேடார் கெட்டுவிட்டதா?

இல்லை. உருகத் தொடங்கும் செதிலின் மேல் நீர்ப்படலம் படர்வதால், ரேடார் அதைப் பெரிய மழைத்துளி என்று எண்ணிப் பளிச்செனக் காட்டுகிறது. உருகும் மட்டம் ரேடாரைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையம் ரேடாரை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தால் உருகும் மட்டம் இறங்குகிறது. இதைவிட நல்ல அறிகுறி கிடைப்பது அரிது.

தொலைவையும் கவனியுங்கள். அரை டிகிரி சாய்வில் போகும் ரேடார் கற்றை 100 கி.மீ. தள்ளிப் போகும்போது சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். தாழ்ந்த மேகத்துப் பனி அதன் கண்ணிலேயே படாது.

கேள்வி: எல்லாம் பூச்சியத்துக்குக் கீழே இருந்தும் உறைமழை பெய்தது ஏன்?

நடுவில் ஒரு சூடான அடுக்கு நுழைந்திருக்கும். அதன் உச்சம் +1க்குள் என்றால் பனியே வரும். 1 முதல் 3 என்றால் பாதி உருகி மறுபடி உறைந்து பனிக்கட்டி மணிகளாகக் கீழே வரும். 3க்கு மேல் என்றால் முழுக்க உருகித் தரையைத் தொட்டதும் உறையும். 850 மட்டும் பார்ப்பவர்களுக்கு 800இல் இருக்கும் சூடு தெரியாது. உயரத்துக்கு உயரம் வெப்பநிலையைக் காட்டும் ஸ்கியூ-டி வரைபடத்தைத் திறந்து வெப்பநிலைக் கோடு பூச்சியக் கோட்டை எங்கெல்லாம் தாண்டுகிறது என்று பாருங்கள். கூடவே -12 முதல் -18 வரையுள்ள அடுக்கையும் பார்த்துவிடுங்கள். பெரிய நட்சத்திரச் செதில் வளர்வது அங்கேதான். அந்த அடுக்கு ஈரமாகவும் காற்று மேலேறிக்கொண்டும் இருந்தால் பனி வேகமாகக் குவியும்.

கேள்வி: 12 மி.மீ. நீர் என்றால் 12 செ.மீ. பனி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பத்துக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தில்தான் பல படங்கள் வரையப்படுகின்றன. சில மாடல் படங்கள் பனி கலந்த மழையையும் முழுப் பனியாகச் சேர்த்துக்கொள்கின்றன. பூச்சியத்தை ஒட்டி விழும் ஈரப்பனிக்கு விகிதம் 5 முதல் 7. ஆக 12 மி.மீ.க்கு 6 முதல் 8 செ.மீ.; விழும்போதே உருகுவதைக் கழித்தால் இன்னும் குறையும். உலர்ந்த கடுங்குளிரில் 15, 20 வரை போகும், ஆனால் மார்ச் தாழ்நிலத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அளப்பதற்குச் சரியான முறை?

40 செ.மீ. சதுர ஒட்டுப்பலகைக்கு வெள்ளை வண்ணம் அடித்து, திறந்த இடத்தில், மரம் சுவர்களிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைத்து அளக்கக் கூடாது. மணிக்கொரு முறை துடைத்துக் கூட்டினால் அமுங்காத பனி சேர்ந்து, மொத்தம் பெரிதாகிவிடும்.

நீர் அளவுக்கு 10 செ.மீ. விட்டமுள்ள உருளையைப் பலகைப் பனியில் தலைகீழாக அழுத்தி, அடியில் தட்டையான தகடு செருகித் தூக்கி, பனியை மட்டும் எடை போடுங்கள். கிராமை 7.85ஆல் வகுத்தால் மி.மீ. 94 கிராம் என்றால் 12 மி.மீ.; ஆழம் 8 செ.மீ. என்றால் விகிதம் 6.7. சூடேற்றி இல்லாத தானியங்கி மழைமானியை அன்று நம்பாதீர்கள். பனி புனலிலேயே உட்கார்ந்து மறுநாள் வெயிலில் உருகி, வெட்ட வெளியில் மழை பெய்ததாகக் கணக்கு எழுதும்.

கேள்வி: நாளை இரவு வாய்ப்பு இருக்கிறது. கடைசி ஆறு மணி நேரத்தில் எதைப் பார்க்க?

மாடலை மூடிவிட்டு, காற்று வரும் திசையில் 50 முதல் 150 கி.மீ. தள்ளியுள்ள விமான நிலையங்களின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையைத் திறங்கள். அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை வரும். சாய்கோட்டுக்கு முன் வெப்பநிலை, பின் பனிநிலை; எந்த எண்ணுக்கு முன் "எம்" எழுத்து இருந்தாலும் அது மைனஸ். "ஆர்ஏ" மழை, "எஸ்என்" பனி, இரண்டும் சேர்ந்து வந்தால் கலவை. மழை தொடங்கிய நிலையத்தில் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 2 டிகிரி இறங்கி, பனிநிலை பூச்சியத்துக்குக் கீழேயே நின்றால் உங்களுக்கும் அப்படியே நடக்க வாய்ப்பு அதிகம். வெப்பநிலை அசையாமல் பனிநிலை மட்டும் ஏறினால், அங்கே ஈரக்காற்று புகுந்துவிட்டது; தூங்கப் போகலாம்.