மழைக்குப் பிறகு எழுந்திருக்காத சர்வர்: மதர்போர்டை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பை வாங்கினோம்: இரண்டாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். 120 ஜிபி எஸ்எஸ்டியில் ஓபன்மீடியாவால்ட் (பழைய கணினியை வீட்டுச் சேமிப்புச் சர்வராக்கும் இலவச மென்பொருள்) நிறுவி, 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டை மிரராக, அதாவது இரண்டிலும் ஒரே நகல் இருக்கும்படி, வைத்துக் குடும்பப் படங்களையும் கோயில் திருவிழா வீடியோக்களையும் சேமிக்கிறோம். திரையும் கீபோர்டும் இல்லாமல் அலமாரிக்குள் ஓடுகிறது. இடி மழையில் கரண்ட் போய்த் திரும்பினால் சர்வர் வருவதில்லை. திரையை மாட்டிப் பார்த்தால் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் பூட் டிவைஸ் (சிஸ்டத்தைத் தொடங்கும் டிஸ்க்) இல்லை என்கிறது. கடைக்காரர், "மதர்போர்டு போச்சு. இந்தப் பழைய போர்டு 2 டிபிக்கு மேல் தாங்காது. 1,800 ரிங்கிட்டுக்குப் புது நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எங்கள் படங்கள் போய்விட்டனவா?

பதில்: படங்கள் அப்படியே இருக்க வேண்டும். மதர்போர்டும் போகவில்லை. அது போயிருந்தால் எஃப்1 அழுத்து என்று சொல்லக்கூட அங்கே நாதி இருந்திருக்காது. நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, போர்டில் செருகியிருக்கும் இருபது காசு அளவுள்ள பட்டன் பேட்டரியை. விலை பத்து ரிங்கிட்டைத் தாண்டாது.

கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயோஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பேட்டரிதான். உங்கள் கணினி 2011 வாக்கில் வந்த ரகம். பேட்டரியும் பெரும்பாலும் அன்றையதாகவே இருக்கும். சுவரில் பிளக் செருகியிருக்கும் வரை, கணினியை அணைத்திருந்தாலும், உள்ளே சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாது. மழையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனதும் குட்டு வெளிப்படும்: தேதி பல வருடம் பின்னால் போகும், அமைப்புகள் தொழிற்சாலையில் வைத்தபடி திரும்பிவிடும். தேதி தவறு என்று கண்டதும் பயோஸ் நின்று எஃப்1 கேட்கும். அழுத்தக் கீபோர்டு இல்லாவிட்டால் விடிய விடியக் காத்திருக்கும். கீபோர்டு இல்லை என்று திரையில் எழுதிவிட்டு, தொடர எஃப்1 அழுத்து என்று அதன் கீழேயே எழுதுகிற இயந்திரங்களும் உண்டு. இதைத் தயாரித்து விற்ற பிறகும் திருத்த யாருக்கும் தோன்றவில்லை!

அடுத்தது பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தி. அந்தக் காலத்துக் கணினிகளில் சிஸ்டத்தைத் தொடங்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பழைய லெகசி, மற்றது யூஇஎஃப்ஐ. எந்த வாசல் வழியாக நிறுவினீர்களோ அந்த வாசல் வழியாகத்தான் தொடங்க முடியும். உங்களுக்கு யூஇஎஃப்ஐ வழியாக நிறுவியிருப்பார்கள். நினைவு அழிந்ததும் பயோஸ் லெகசிக்குத் திரும்பி, எஸ்எஸ்டியில் கதவே இல்லாத பக்கம் தட்டிவிட்டு ஆளில்லை என்கிறது. எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை விடுங்கள். மூடியைத் திறந்து பேட்டரியை எடுங்கள். சிஆர்2032 என்று அச்சிட்டிருக்கும். கைக்கடிகாரக் கடையிலும் கார் ரிமோட்டுக்குச் சாவி வெட்டும் கடையிலும் கிடைக்கும். சிஆர்2025 கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள், வாங்காதீர்கள். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்பது 2.5 மில்லிமீட்டர்தான், பிடிப்பில் தளர்வாக உட்கார்ந்து பழைய கோளாறையே திரும்பக் கொண்டுவரும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே இருந்தால் குப்பைக்குத்தான். கூட்டல் குறி மேலே தெரியும்படி செருகுங்கள்.

பிறகு திரையும் கீபோர்டும் மாட்டி, கணினி எழும்போதே எஃப்2 தட்டிக்கொண்டே இருங்கள், பயோஸ் திரை திறக்கும். சில கணினிகளில் டெலீட். முதலில் தேதி, நேரம். இதை அலட்சியம் செய்தால் சிஸ்டம் எழுந்தாலும் அப்டேட் இறங்காது. பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று மறுக்கும். அடுத்து பூட் பட்டியலில் லெகசி என்றிருப்பதை யூஇஎஃப்ஐ ஆக்குங்கள். ஏற்கெனவே யூஇஎஃப்ஐ என்றிருந்தால் லெகசியாக்கிப் பாருங்கள். சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் இத்துடன் சர்வர் எழுந்துவிடும்.

எழவில்லை என்றால் யூஇஎஃப்ஐ பட்டியலில் உங்கள் சிஸ்டத்தின் பெயரே அழிந்திருக்கலாம். பூட் வழியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, எஸ்எஸ்டிக்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை, அதற்குள் டெபியன், அதற்குள் கிரப் என்று தொடங்கும் கோப்பு என்று காட்டிக் கொடுங்கள். ஓபன்மீடியாவால்ட், டெபியன் என்ற லினக்ஸ் மேல்தான் ஓடுகிறது; பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்னும் இரண்டு அமைப்புகள் பாக்கி. கரண்ட் திரும்பியதும் தானே எழும்படி ஏசி ரெக்கவரி என்பதை பவர் ஆன் ஆக்குங்கள். கீபோர்டு இல்லை என்ற புகாரை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு பயோஸ் திரையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் வராமல் மறுபடி நிறுவ நேர்ந்தால், 4 டிபி டிஸ்க் இரண்டின் டேட்டா கேபிளையும் முதலில் பிடுங்குங்கள். நிறுவும் திரையில் ஒரு வரி தப்பிப்போய்ப் படங்கள் இருந்த டிஸ்க்கைத் துடைத்தவர்கள் ஏராளம். அந்தத் திரையில் எல்லா டிஸ்க்கும் ஒரே மாதிரி எழுத்தில்தான் தெரியும். இந்தமுறை நிறுவும் பெண்டிரைவை லெகசியாகத் தொடங்கி லெகசியாகவே நிறுவுங்கள். நினைவு அழிந்தாலும் பயோஸ் திரும்பிப் போவது அங்கேதானே. நிறுவி முடித்து, அணைத்து, கேபிளைத் திரும்பச் செருகுங்கள். மிரர் தன்னைத் தானே அடையாளம் கண்டு சேரும். ஃபைல் சிஸ்டம் பகுதியில் ஏற்கெனவே உள்ளதை மவுண்ட் செய்யும், அதாவது அப்படியே இணைக்கும், பொத்தானை மட்டும் தொடுங்கள். கிரியேட் (புதிதாக உருவாக்கு), வைப் (துடை) என்ற இரண்டும் படங்களுக்கு எமன். திடீரென்று கரண்ட் போன பிறகு மிரர் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு எட்டுப் பத்து மணி நேரம் டிஸ்க்கைக் கடகடவென ஓட்டலாம். அந்தச் சத்தத்தைக் காட்டி டிஸ்க்கும் போச்சு என்பவரை நம்பாதீர்கள்.

இனி அந்த 2 டிபி கதை. அது பொய்யல்ல, அரை உண்மை. அதனால்தான் இத்தனை வருடமாக விலைபோகிறது. எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறை டிஸ்க்கை 512 பைட் துண்டுகளாக எண்ணுகிறது. சுமார் 4.3 பில்லியன் துண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. பெருக்கினால் சற்றேறக்குறைய 2 டிபி. லெகசியில் சிஸ்டம் தொடங்கும் டிஸ்க்குக்குத்தான் இந்தத் தொல்லை. உங்கள் சிஸ்டம் இருப்பது 120 ஜிபி எஸ்எஸ்டியில். படங்கள் இருக்கும் டிஸ்க்குகளை லினக்ஸ் நேரடியாகப் படிக்கிறது, அங்கே இருப்பது ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறை, அதற்கு இந்த வரம்பு இல்லை. 4 டிபி என்ன, 8 டிபியும் இந்தப் போர்டில் ஓடும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் கவனம் வேண்டும். டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது. பழைய யூஎஸ்பி பெட்டிகளில் உள்ள சிப்புக்கே 2 டிபி வரம்பு இருக்கும். 3 டிபி டிஸ்க்கைப் போட்டால் 746 ஜிபி என்று காட்டும். அப்படிக் காட்டினால் அதில் ஒன்றும் எழுதாதீர்கள். வேறு சில பெட்டிகள் இந்த வரம்பைத் தாண்ட ஒரு தந்திரம் செய்கின்றன: 512 பைட் துண்டுகளை 4,096 பைட் துண்டுகளாக வேஷம் போட்டுக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும் வரை எல்லாம் சரி. அந்த டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டில் மாட்டினால், கணக்கு மாறிப்போய் டிஸ்க் காலி என்று கணினி சாதிக்கும். டிஸ்க்கில் எல்லாம் இருக்கும், படிக்கத்தான் தெரியாது. அந்த நேரத்தில் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும் கேள்விக்கு ஆமாம் என்றால்தான் உண்மையிலேயே காலி. டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே திரும்பப் போட்டு, படங்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்த பிறகே கழற்றுங்கள். பெட்டி பழுதானால் அதே மாடல் பெட்டியைத் தேடி வாங்குங்கள். டேட்டா மீட்டுத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது மலிவு.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. விண்டோஸ் 11, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினிகளை ஒரே நாளில் குப்பையாக்கிய முடிவு இது. அவற்றை மொத்தமாக அள்ளி, தூசி தட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஹோம் சர்வர் என்று பெயர் வைத்து விற்கும் இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி வாங்கிய டிஸ்க்கில் ஸ்மார்ட் அட்டவணையை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) திறந்து பாருங்கள். 9ஆம் வரி ஓடிய மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760. புதிது என்று விற்ற டிஸ்க்கில் 26,000 என்றிருந்தால் அது மூன்று வருடம் உழைத்துக் களைத்தது. பூஜ்யம் என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அந்த எண்ணை அழிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் தட்டிப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கில் குறையில்லை. சாட்டா கேபிளை (டேட்டா கேபிள்) மாற்றுங்கள்.

கடையில் சீரியல் எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பார்த்துச் சொல்லவே கட்டணம், அது திரும்பக் கிடைக்காது என்பார்கள். எதைப் பார்த்தார்கள் என்று மட்டும் எழுதித் தரமாட்டார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கவே அனுமதியில்லை, அதனால் செலவும் இல்லை. இருந்தும் கையில் தாள் இல்லாமல் போனால் உங்கள் வார்த்தைக்கு எதிராகக் கடைக்காரர் வார்த்தை மட்டும்தான் நிற்கும்.

ராம் 4 ஜிபி ஓபன்மீடியாவால்ட்டுக்குப் போதும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ட்ரூநாஸ் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதற்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

யுபிஎஸ் வாங்கினால் பின்புறம் யூஎஸ்பி துளை உள்ளதாகப் பாருங்கள். 650 விஏ போதும். துளை இல்லாத மலிவு யுபிஎஸ் சில நிமிடம் தாங்கிவிட்டு, சர்வரிடம் ஒன்றும் சொல்லாமல் விழும். கேபிள் இணைத்து நட் என்ற செருகுநிரலை இயக்கினால் பேட்டரி தீரும் முன்பே சர்வர் முறையாக அணையும். இடி தொடங்கும் முன்பே ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபரில் மின்னல் வராது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வரும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் மாற்றியை மட்டும் சர்வருக்குப் போடாதீர்கள். எர்த் இல்லாமல் போனால் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு என்று எழுதிய நீட்டிப்புக் கட்டையும் வெறும் கட்டைதான்.

பேட்டரி மாற்றியதும் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டாம். ஓபன்மீடியாவால்ட்டில் முறையாக ஷட்டவுன் கொடுத்து, திரையையும் கீபோர்டையும் கழற்றி, இரவு படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காலையில் செருகி ஐந்து நிமிடம் பொறுத்துக் கைப்பேசியில் படங்களைத் திறந்து பாருங்கள். திறந்தால் கடைக்காரரிடம் பேச ஒன்றுமில்லை. திறக்காவிட்டால் திரையை மாட்டுங்கள். தேதி சரியாக இருந்தும் எஃப்1 கேட்டால் கீபோர்டு புகாரை அணைக்க மறந்திருக்கிறீர்கள். தேதி மறுபடி பின்னால் போயிருந்தால் பேட்டரி உட்காரும் உலோக நாக்கில் பச்சை பிடித்திருக்கலாம். பழைய டூத்பிரஷால் தேய்த்துவிட்டு, நாக்கைச் சற்றே நிமிர்த்தி, பேட்டரியைத் திரும்பச் செருகுங்கள்.