கத்திப் பிரியர்கள் சில பிராண்டுகளை ஏன் மட்டமாகப் பார்க்கிறார்கள்?

முதல் காரணம் எஃகு. பெட்டியில் ‘சர்ஜிக்கல் ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டு, எந்த ரகம் என்று சொல்லாத கத்தி இவர்களுக்கு ஆகவே ஆகாது. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 52, 53-இல் நிற்கும் எஃகு, நாலு அட்டைப்பெட்டி அறுத்ததுமே மழுங்க ஆரம்பித்துவிடும். 60-ஐத் தொட்டது நெடுநேரம் தாங்கும்.

அப்புறம் பெயர் வியாபாரம். அமெரிக்காவின் இம்பீரியல் ஷ்ரேட் என்ற கத்தி நிறுவனம் 2004-இல் மூடப்பட்டது. பெயரை வாங்கிய வேறொரு நிறுவனம் அதைச் சீனத் தயாரிப்புகளில் பொறித்தது. பழைய ஷ்ரேட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு எரிச்சல் வராதா? அடுத்தவர் வடிவத்தை அச்சு அசலாகக் காப்பியடிப்பவர்கள் மீது கோபம் இன்னும் அதிகம். அது நியாயமும்கூட.

மீதியில் பாதி வெறும் பந்தா. பக் என்ற நிறுவனத்தின் 110 மடக்குக் கத்தியில் இருப்பது 420ஹெச்சி என்ற சாதாரண ரக எஃகு. பெயரைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் பக் அதைச் சூடேற்றிப் பதப்படுத்தும் விதத்தில் கடினம் 58 வரை ஏறுகிறது; சாதாரணச் சாணைக்கல்லில் கொஞ்சம் தேய்த்தாலே கூர் திரும்பிவிடும். சரி, உலோகப் பொடியிலிருந்து செய்யும் விலை உயர்ந்த பவுடர் எஃகு? நன்றாக உழைக்கும்தான். மழுங்கிய பிறகு தீட்டிப் பாருங்கள், வைரத்துகள் பதித்த தீட்டுத்தகடு தேட வேண்டியிருக்கும்.